வடித்து ஊற்றிய நீர்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மாடியில் உள்ள திசு வளர்ப்பு அறைக்கு அவள் பொறுப்பு. அதற்குள் யார் நுழைந்தாலும், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் "கதவு!" என்று ஒரு அதட்டல் விழும். இயக்குநருக்கும் அதே மரியாதைதான். வெளிக்காற்றில் மிதந்து வருகிற பூஞ்சைத் துகள் ஒன்று உள்ளே புகுந்தால் போதும், ஒரு குடுவை முழுவதும் நரைமுடி மாதிரி பூத்துவிடும். மாதக்கணக்கான உழைப்பைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். ஆகவே அவள் கத்துவதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை அவள் கொஞ்சம் அதிகமாகவே அனுபவித்தாள் என்பது வேறு விஷயம்.

அவள் வளர்த்தது ஒரு மலைப்புதரின் செல்களை. அந்தப் புதரின் பட்டையில் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பது முன்பே தெரியும். ஆனால் அதில் ஒரு சிட்டிகை எடுக்க, மலைச்சரிவு ஒன்றையே மொட்டையடிக்க வேண்டும். நோயாளி பிழைப்பாரோ இல்லையோ, புதர் பிழைக்காது. அதனால் புதரை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, ஒரே ஒரு இலையை வாங்கி வந்து, நறுக்கி, சத்துக்கூழின் மேல் வைத்தாள். கொஞ்ச நாளில் அந்த நறுக்குக்குத் தான் இலை என்ற நினைப்பே போய்விடும். பிசைந்த மாவு போல உருட்டி உருட்டி வளர ஆரம்பிக்கும். படித்தவர்கள் அதைக் கேலஸ் என்பார்கள். அவளும் படித்தவள்தான், ஆனாலும் 'உருண்டை' என்பாள். உருண்டையைப் பிய்த்துச் சத்துநீர்க் குடுவையில் போட்டு, ஷேக்கர் மேடையில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால், செல்கள் அந்த நீரிலேயே பெருகும். பட்டை செய்த வேலையை அந்தச் செல்களும் செய்துவிட்டால், காட்டைத் தொடாமலே மருந்து. கணக்கு அவ்வளவுதான்.

செய்யும் என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. அண்ணிக்கு வந்த நோயை அடக்கிய ஊசிமருந்து முதன்முதலில் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். இப்போது அதைப் பெரிய தொட்டிகளில் செல்களை வளர்த்தே எடுக்கிறார்கள். அண்ணி இன்றைக்கும் அடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அண்ணனோடு நாளொரு சண்டை போடுவதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அண்ணிக்குக் கேட்ட மருந்து, ஊசி ஏற்றும் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் நன்றாகச் சிரிப்பாள். ஒரு நாள் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கதவக்கா அதை மறக்கவில்லை. ஒரு மருந்து கேட்காதவர்களுக்கு இன்னொரு மருந்து வேண்டும், அதை என் உருண்டை கொடுக்கும் என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டாள்.

உருண்டைதான் அசைந்து கொடுக்கவில்லை.

அவளுடைய அறைக்கு நேர் கீழ்த்தளத்தில் புற்றுநோய்ச் செல்களை வளர்ப்பவர் இருந்தார். அவரைக் கீழ்வீட்டுக்காரர் என்பார்கள். இவள் செல்களைக் காயவைத்து, அரைத்து, சாறு எடுத்து அனுப்புவாள். அவர் தட்டில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, அதன் மேல் சாற்றை விட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார். செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். கதவக்காவின் சாறு போன தட்டுகளில் எல்லாம் கத்தரிப்பூ பூத்த மாதிரி ஊதாவோ ஊதா.

"உங்க உருண்டை ரொம்ப சாது," என்பார் கீழ்வீட்டுக்காரர். "யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது."

"பண்ணும். நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன். என் தலையில முடி இருந்த காலத்துலேர்ந்து பாக்குறேன்."

இப்படி வருஷங்கள் ஓடிவிட்டன. கடைசியில் இயக்குநரே மாடியேறி வந்து, கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டு, விஷயத்தைப் போட்டு உடைத்தார். பூச்செடி வியாபாரம் செய்கிற ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் நாற்று கேட்கிறது. அதற்கு அறை வேண்டும். அடுத்த மாதம் ஆய்வுக்கூட்டம். அதில் உருப்படியாக ஒன்று காட்டினால் சரி. இல்லாவிட்டால் குடுவைகளைக் கொதிகலனில் வைத்து அவித்து, அலமாரியைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும்.

"அவிச்சுடணுமா?" என்று கேட்டாள். செல்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டு வைக்க முடியாது. வாரம் தவறாமல் புதுச் சத்துநீர் கொடுக்காவிட்டால் செத்துப்போகும். இந்த வம்சம் ஒருமுறை அறுந்தால், இலை நறுக்குவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அப்போது அவளுக்கு ஓய்வுபெறும் வயதே வந்துவிடும்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றார் இயக்குநர். பாவம், நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, பட்ஜெட் பார்ப்பவர்.

கூட்டத்துக்குமுன் கடைசித் தடவையாக ஒரு சரக்கு அனுப்ப வேண்டியிருந்த நாளில், அண்ணிக்கு மருத்துவமனையில் பரிசோதனை. அண்ணன் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள். அதனால் எப்போதும் கதவக்காதான் கூடப் போவாள். வேலையைத் தன்னோடு அந்த அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஆராய்ச்சியாளனிடம் விட்டுவிட்டுப் போனாள். அவன் கெட்டிக்காரன், பட்டங்களும் அவளைவிட ஒன்று கூட. ஆனால் எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்பான். அதனால் நாளைக்கு என்பதே அவன் பெயராகிவிட்டது.

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. காத்திருந்த நேரத்தில் அண்ணி, வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள். "என்னடி, உன் மருந்து வந்தாச்சா?"

"வரும் அண்ணி."

"எனக்கு வேணாம். நான்தான் தப்பிச்சுட்டேனே. அந்தச் சிரிக்கிற பொண்ணு மாதிரி யாராவது இருப்பாங்கல்ல. சீக்கிரம் செய்."

அடுத்த வாரம் ஒரு காலையில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். மூட்டுவலிக்காரர், வழக்கமாக லிஃப்ட்டைத் தவிர எதிலும் கால் வைக்காதவர், மூச்சு வாங்க வாங்க வந்து நின்றார்.

"கதவு!"

அவர் கதவைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டுத் தட்டை நீட்டினார். வரிசை வரிசையாக ஊதா. நடுவில் ஒரு வரிசை மட்டும் பளீரென்ற மஞ்சள்.

"உங்க சாறுதான். அத்தனையும் காலி. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

நாளைக்கு எகிறிக் குதித்தான். கீழ்வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கதவக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம், மிச்சச் சாறு இருந்த சின்னக் குப்பியை அவர் கையில் பார்த்தாள். அவளுடைய சாறு எப்போதும் வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். இது கடுந்தேநீர் மாதிரி இருந்தது.

அவளுக்கு மூக்கு வியர்த்தது.

"எத்தனை தடவ கழுவுன?" என்று நாளைக்கைப் பார்த்துக் கேட்டாள்.

கழுவுவது அவளுடைய சட்டம். குடுவையை வலைத்துணியில் கவிழ்த்து, சத்துநீரை வடித்துச் சிங்க்கில் ஊற்றிவிட்டு, செல்களைச் சுத்தமான நீரில் ஒருமுறைக்கு மூன்றுமுறை அலசிய பிறகுதான் காயவைக்க வேண்டும். சத்துநீரில் சர்க்கரை, உப்பு எல்லாம் போக, செல்லை வளரச் சொல்லி விரட்டுகிற ஊக்கி ஒன்றும் இருக்கிறது. அளவாகப் போனால் வளர்க்கும். அதிகம் போனால் அதுவே களைக்கொல்லி. அந்த அழுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்பதில் அவள் ஒற்றைக்காலில் நிற்பாள். வீட்டிலும் அவள் கழுவுகிற கழுவில் தட்டில் இருக்கும் பூவெல்லாம் உதிர்ந்துபோகிறது என்று அண்ணன் சொல்வதுண்டு.

நாளைக்கின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லக்கா... வடிகட்டவே அரை நாள் ஆகும். அன்னிக்கு நீங்களும் இல்ல. அதான் குடுவையில இருந்ததை அப்படியே உறைய வச்சுக் காய வச்சுட்டேன்."

"கழுவல?"

"வடிக்கவே இல்லக்கா."

அடுத்த ஐந்து நிமிடம் அவள் பேசியதை அச்சில் போட முடியாது. நாளைக்கு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவள் மூச்சு விட நிறுத்திய இடத்தில் கீழ்வீட்டுக்காரர் மெதுவாக நுழைந்தார்.

"அதை விடுங்கம்மா. கையில ரிசல்ட் இருக்கு. வர்ற வாரம் மீட்டிங். இதைக் காட்டுனா ரூம் தப்பிக்கும். அப்புறம் சாவகாசமா திருப்பிச் செஞ்சுக்கலாம்."

"எதால செத்துச்சுன்னு சொல்லிக் காட்டுவீங்க?"

"உங்க உருண்டையாலதான்."

"காயவச்சதுல ஊக்கியும் சேந்துல்ல கெட்டியாயிருக்கு. அந்தக் களைக்கொல்லியால செத்திருந்தா? களைக்கொல்லியக் குடுத்தா நீங்களும் நானும்கூடத்தான் சாவோம். அது மருந்தா?"

அவர் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு என் உருண்டை மேல நம்பிக்கை இருக்கு. அதனாலதான் கேக்குறேன். பிரிச்சுப் பாத்துடலாம்."

வெளியே அப்படிச் சொல்லிவிட்டாள். உள்ளே கணக்கு வேறு மாதிரி ஓடியது. செல்லே போடாத வெறும் சத்துநீரைக் காயவைத்துச் சோதித்து, அதுவும் மஞ்சளாகிவிட்டால், காட்டுவதற்கு இருந்த ஒரே வரிசையும் பொய் என்றாகிவிடும். அறை போகும். உருண்டை வெந்துபோகும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இரண்டும் தப்பும். மதியம் இயக்குநரே போனில் கூப்பிட்டு, "ஏதோ நல்ல சேதின்னு கேள்விப்பட்டேனே" என்று ஆசையாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இன்னும் இல்ல சார். கூட்டத்தன்னிக்குக் காலையில சொல்றேன்."

"அன்னிக்குக் காலையிலதான் பூச்செடிக்காரங்க அளவெடுக்க வர்றாங்க."

"வரட்டும் சார். கதவை மட்டும் சாத்திக்கிட்டு அளக்கச் சொல்லுங்க."

அன்றே வேலையைத் தொடங்கினார்கள். நாளைக்குக்கூட அதை நாளைக்குத் தள்ளவில்லை. ஒரு பக்கம் செல் போடாத வெறும் சத்துநீர். இன்னொரு பக்கம் அவளுடைய சட்டப்படி மும்முறை கழுவிய செல்கள். இரண்டையும் ஒரே மாதிரி உறைய வைத்து, ஒரே மாதிரி காய வைப்பது என்று ஏற்பாடு. கழுவவேண்டியதை அவளே எடுத்துக்கொண்டாள். ஷேக்கரிலிருந்து குடுவையை இறக்கி, வலைத்துணியில் கவிழ்த்தாள். செல்கள் துணியில் தங்கின. அடியில் வடிந்த தேநீர் நிற நீரைத் தூக்கி, பேச்சோடு பேச்சாகச் சிங்க்கில் சாய்த்தாள்.

"அக்கா," என்றான் நாளைக்கு. "அந்தத் தண்ணியும் என் சரக்குல இருந்துச்சே."

அவள் கை நின்றது. பாதிக்குமேல் போய்விட்டது. குழாய் வாயில் களகளவென்று சத்தம். அவள் பாத்திரத்தை நிமிர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். குடுவையில் அவள் ஊற்றும்போது சத்துநீருக்கு நிறமே கிடையாது, பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும். செல்கள் அதில் இருந்து பெருகிய பிறகு இப்படிப் பழுப்பாகிவிடும். பழைய நீர் அழுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாளே தவிர, அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

"காய வை," என்றாள். "மூணாவதா இதையும் தனியா காய வை. ஒரு சொட்டு சிந்தக்கூடாது."

கூட்டத்தன்று காலை, இயக்குநர் முதல் ஆளாக வந்துவிட்டார். பூச்செடி நிறுவனத்தின் ஆள் ஒருவர் மாடியில் அலமாரிகளை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தார். அவர் உள்ளே போனபோதும் கதவக்கா "கதவு!" என்றாள், ஆனால் அதில் பழைய காரம் இல்லை. பிறகு அவளும் நாளைக்கும் கீழே இறங்கினார்கள். பின்னாலேயே இயக்குநரும் வந்தார்.

கீழ்வீட்டுக்காரர் சாயம் விட்ட தட்டை வளர்ப்புப் பெட்டியிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவில்லை. அவர் இந்தத் தடவை ஒரு காரியம் கூடுதலாகச் செய்திருந்தார். ஒவ்வொரு சாற்றையும் புற்றுநோய்ச் செல்லுக்கு மட்டுமல்லாமல், பக்கத்து வரிசையில் நல்ல செல்லுக்கும் கொடுத்திருந்தார். "எல்லாத்தையும் கொல்றது மருந்து இல்லையே," என்றார். அவள் நன்றியோடு தலையாட்டினாள்.

பெட்டியைத் திறந்து தட்டை மேஜைமேல் வைத்தார்.

வெறும் சத்துநீர் போட்ட வரிசை: ஊதா. களைக்கொல்லிக் கதை அதோடு முடிந்தது. நாளைக்கு அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அசையவில்லை, அடுத்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை கழுவிய செல்கள்: அதுவும் ஊதா. வழக்கம்போல சாது.

வடித்த நீர் போட்ட வரிசை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மஞ்சளாகக் கிடந்தது. கரைத்துக் கரைத்து நீர்க்கச் செய்து போட்ட குழிகளிலும் மஞ்சள். பக்கத்தில் நல்ல செல்கள் கெட்டிச் சாற்றில் மட்டும் கொஞ்சம் வெளிறி, மற்றதில் எல்லாம் ஊதாவாக நிமிர்ந்து நின்றன.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"அப்ப இது செல்லுக்குள்ள இல்லையா?"

"இல்ல சார்," என்றாள் கதவக்கா. "செல் அதைச் செஞ்சு வெளியில விட்டிருக்கு. தண்ணியில."

"இவ்வளவு நாளா அந்தத் தண்ணி எங்க போச்சு?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். நாளைக்கு ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தான். அவள் அவனைக் கையமர்த்தினாள்.

"சிங்க்ல சார். நான்தான் ஊத்துனேன். ரொம்ப சுத்தமா, ஒரு தடவ விடாம."

இயக்குநர் அவளையே பார்த்தார். திட்டுவார் என்று நாளைக்கு நினைத்தான். அவர் வாசல் பக்கம் திரும்பி, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, அளந்தது போதும். இறங்கி வாங்க. உங்களுக்கு வேற ரூம் பாக்கலாம்." பிறகு இவளிடம், "இது என்ன பொருள்னு தெரியாது. எலிக்குக்கூட இன்னும் குடுக்கல. கூட்டத்துல மருந்து கிருந்துன்னு பேசிடாதீங்க," என்றார்.

"பேச மாட்டேன் சார். இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

"அது போதும்."

கூட்டம் தொடங்க நேரம் இருந்தது. அவள் மாடிப்படியில், கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவே, தனியாக உட்கார்ந்தாள். சந்தோஷம்தான். பூமியில் கால் பாவாத சந்தோஷம். அதன் நடுவிலேயே அழுகையும் வந்தது. அந்தச் சிரிக்கிற பெண்ணின் நாற்காலி நினைவுக்கு வந்தது. அண்ணியைப் போனில் கூப்பிட்டாள்.

"என்னடி, வந்தாச்சா?"

"வரல அண்ணி. ஆனா இருக்கு. கண்ணால பாத்துட்டேன்." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும், "இத்தனை வருஷமா கையில வச்சுக்கிட்டு ஊத்தியிருக்கேன் அண்ணி. அந்தப் பொண்ணு..." என்றாள்.



"நறுக்கின காயக் கழுவாதே கழுவாதேன்னு நானும் கத்திக்கிட்டே இருக்கேன்," என்றாள் அண்ணி. "கேட்டியா?"

கதவக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"சரி, ஊத்துனது போகட்டும். அந்தப் பொண்ணு உன்னால சாகல. அப்பவே உன் கையில கிடைச்சிருந்தாலும் அவளுக்கு ஊசியா வந்து சேந்திருக்குமா? வந்திருக்காது. இனிமே வர்றவளப் பாரு. இப்ப அங்க வேலை இருக்கா இல்லையா?"

"இருக்கு அண்ணி. ஷேக்கர்ல பன்னெண்டு குடுவை நிக்குது. எல்லாத்தையும் இன்னிக்கு வடிக்கணும்."

"அப்புறம் எனக்கு எதுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்க? போனை வை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். அந்த வயதில் அது தேவையில்லாத வேலை. அறைக்குள் புகுந்ததும் நேரே அலமாரிக்குப் போய், இருக்கிற காலிப் பாட்டில்களையெல்லாம் இரண்டு கையாலும் வாரி மேஜைமேல் அடுக்கினாள். சிங்க்குக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு மூடினாள். ஷேக்கரை நிறுத்தி முதல் குடுவையை எடுத்து, அந்தப் பழுப்பு நீரைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி நின்றாள்.

பின்னாலிருந்து நாளைக்கின் குரல் கேட்டது. "அக்கா!"

"என்னடா?"

"கதவு!"

திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.